பணிப்பெண் வேடத்தில் ஒரு பெருவாழ்வு

கதை என்பது தலைவனையும் தலைவியையும் சுற்றி அமைவது. ஆயினும் அக்கதையைத் தாங்கி நிற்பவர்கள் பல நேரங்களில் அவர்களுக்குப் பக்கத்தில் நிற்பவர்களே ஆவர். சங்க அகப்பாடல்களைக் கற்ற மாணவர்கள் இதனை நன்கு அறிவர். செவிலித்தாய் இல்லையேல் அகப்பொருள் நாடகத்தில் பாதி நிகழ்ச்சி இல்லை. தலைவியை வளர்த்தவள் அவள். அவளுடைய காதலை நற்றாய்க்கு உணர்த்தி அறத்தொடு நிற்பவள் அவள். மகள் உடன்போக்கிலே சென்றுவிட்டாள் என்று அறிந்ததும் சுரத்திடைத் தேடிப் புறப்படுபவளும் அவளே. தொல்காப்பியம் செவிலிக்கெனத் தனியே கூற்று வகுத்திருக்கிறது. அவளுக்கு ஒரு மகளும் உண்டு, அவளே தோழி. ஆகவே, தமிழ் மரபிற் செவிலி வெறும் ஏவலாள் அல்லள். தனக்கென ஒரு குரலும் ஒரு குடும்பமும் உடையவள்.

அமெரிக்க நாட்டின் கதைகளிலும் இத்தகைய ஒரு செவிலி உண்டு. தென்மாநிலங்களின் பெரும்பண்ணை வீடுகளில், வெள்ளையர் குழந்தைகளை வளர்த்த கறுப்பின அடிமைப் பெண் அவள். கதை எழுதியவர்கள் அவளை ‘மாமி’ என்று அழைத்தார்கள். இது நம் நாட்டு மாமி அன்று. அம்மா என்பதன் மழலை வடிவம் போன்ற ஒரு சொல். நம் செவிலிக்கும் இந்த மாமிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மாமிக்கு அக்கதைகளில் கணவன் இல்லை, மக்கள் இல்லை, சொந்த வீடு இல்லை, பெரும்பாலும் சொந்தப் பெயரும் இல்லை. எசமானியின் வீடே அவள் வீடு. அவ்வீட்டுக் குழந்தையே அவள் குழந்தை. அவளுக்கென ஓர் ஆசையோ துயரமோ இருக்கலாம் என்பதை எழுதியவர்கள் எண்ணவில்லை.

இத்தகைய பெயரற்ற பாத்திரங்களையே வாழ்நாளெல்லாம் ஏற்று நடித்து, அவற்றின் வழியே பெரும்புகழும் பெரும்பழியும் ஒருங்கே பெற்ற நடிகையார் ஒருவரைப் பற்றி இங்கு எண்ணிப் பார்ப்போம். அவர் பெயர் ஹாட்டி மெக்டானியல். ஆஸ்கார் விருதைப் பெற்ற முதற் கறுப்பினக் கலைஞர் அவரே.

ஹாட்டி அம்மையார் 1893ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் கான்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த விச்சிட்டா நகரிற் பிறந்தார். பெற்றோர் இருவரும் அடிமைகளாய்ப் பிறந்தவர்கள். தந்தை ஹென்றி மெக்டானியல் உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் படையிற் சேர்ந்து போர் புரிந்தவர். அப்போரிற் பட்ட காயம் அவர் உடலை வாழ்நாள் முழுதும் வருத்தியது. அதற்குரிய ஓய்வூதியத்தைப் பெற அவர் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. தாய் சூசன் தேவாலயத்திற் பக்திப் பாடல்களைப் பாடுபவர். வறுமை மிகுந்த வீடு, பல குழந்தைகள், அவர்களுள் இளையவர் ஹாட்டி. பின்னர்க் குடும்பம் கொலராடோ மாநிலத்திற் குடியேறி, டென்வர் நகரை அடைந்தது.

டென்வர் நகரப் பள்ளிகளில் வெள்ளையர் குழந்தைகளும் கறுப்பினக் குழந்தைகளும் ஒரே வகுப்பிற் படித்தனர். அமெரிக்காவின் பல பகுதிகளில் அக்காலத்தில் அது கிட்டாத வாய்ப்பு. 1910ஆம் ஆண்டில், மதுவிலக்கிற்காக உழைத்த மகளிர் சங்கம் ஒன்று நடத்திய ஒப்புவித்தற் போட்டியில், குடியினாற் கெட்ட ஒருவனைப் பற்றிய பாடலை ஹாட்டி ஒப்புவித்துப் பதக்கம் பெற்றார். அப்போது அவருக்கு வயது பதினேழு நிரம்பவில்லை. அந்தப் பதக்கத்திற்குப் பின் அவர் பள்ளியில் நெடுநாள் தங்கவில்லை. மேடை அவரை அழைத்துக்கொண்டது.

அந்த மேடை எத்தகையது என்பதை மாணவர்கள் அறிதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் மின்ஸ்ட்ரல் கூத்து என்னும் ஒருவகைக் கேளிக்கை பரவியிருந்தது. வெள்ளையர்கள் முகத்திற் கரியைப் பூசிக்கொண்டு, கறுப்பின மக்களைச் சோம்பேறிகளாகவும் அறிவிலிகளாகவும் காட்டி நகைப்பூட்டுவார்கள். இது பெரும்பணம் ஈட்டிய தொழில். உள்நாட்டுப் போருக்குப் பின்னர்க் கறுப்பினக் கலைஞர்களும் இக்கூத்திற் புகுந்தனர். வேறு மேடை அவர்களுக்கு அரிதாயிருந்தமையே காரணம். தம்மை இகழ்வதற்கென்று பிறர் கட்டிய மேடையில் ஏறி, அங்கேயே தம் திறமையைக் காட்ட வேண்டிய நிலை அவர்களுக்கு நேர்ந்தது. ஹாட்டியின் தமையன் ஓட்டிஸ் அத்தகைய குழு ஒன்றை நடத்தினார். தங்கையும் அதிற் சேர்ந்தார். 1914ஆம் ஆண்டில் ஹாட்டியும் அவர் தமக்கை எட்டாவும் பெண்களே நடிக்கும் குழு ஒன்றைத் தொடங்கினர்.

அந்தப் பெண்கள் குழுவில் ஹாட்டி ஏற்ற வேடங்களுள் ஒன்று மாமி வேடம் என்று அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் கூறுகின்றனர். ஆனால் அங்கே அவர் அவ்வேடத்தை ஏற்றது, அதனை எள்ளி நகையாடுவதற்காக. பார்த்தவர்கள் கறுப்பின மக்கள். வெள்ளையர் எழுதிய மாமியின் பொய்ம்மையை அறிந்தவர்கள். ஆதலின் மேடையில் நின்றவரும் கீழே அமர்ந்தவர்களும் சேர்ந்தே நகைத்தார்கள். இளமையில் எந்த வேடத்தைக் கேலி செய்தாரோ, அதே வேடத்தினாலேயே பிற்காலத்தில் உலகம் அவரை அறிந்தது.

துன்பங்கள் அடுத்தடுத்து வந்தன. 1915ஆம் ஆண்டில் அவர் கணவர் இறந்தார். 1916ஆம் ஆண்டில் தமையன் ஓட்டிஸ் இறந்தார். குழு தளர்ந்தது. மேடை வருவாய் போதாத காலங்களில் அவர் பிறர் வீடுகளிற் சமையலும் சலவையும் செய்து வயிறு வளர்த்தார். பின்னர் 1920ஆம் ஆண்டையொட்டி ஜார்ஜ் மாரிசன் என்பாரின் இசைக்குழுவிற் சேர்ந்து ஊர் ஊராய்ப் பாடினார். டென்வர் வானொலியிலும் அவர் குரல் ஒலித்தது. 1926 முதல் 1929 வரையிலான காலத்தில் இசைத்தட்டுகளிலும் பாடினார். அவற்றுட் சில பாடல்கள் அவரே இயற்றியவை.

1929ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கப் பங்குச் சந்தை வீழ்ந்தது. வங்கிகள் மூடப்பட்டன; நாடகக் குழுக்கள் கலைந்தன. ஊர் சுற்றி நடித்துக்கொண்டிருந்த ஹாட்டியும் வேலையிழந்தார். மில்வாக்கி நகரிலிருந்த இரவு விடுதி ஒன்றில், பெண்கள் கைகழுவும் அறையைக் காத்து நிற்கும் வேலைதான் அவருக்குக் கிடைத்தது. ஓர் இரவு மேடையிற் பாட ஆள் இல்லாத நேரத்தில் அவர் பாடினார். அதன் பின்னர் அவ்விடுதியின் மேடையே அவருக்கு உரியதாயிற்று.

1931ஆம் ஆண்டில் அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குச் சென்றார். அங்கே தமையன் சாம் வானொலி நிகழ்ச்சி ஒன்றிற் பங்குகொண்டிருந்தார். தங்கைக்கும் அதில் இடம் வாங்கிக் கொடுத்தார். நேயர்கள் அவரை விரும்பிக் கேட்டார்கள். ஆயினும் கிடைத்த ஊதியம் மிகக் குறைவு. ஆகவே, வானொலியிற் பணிப்பெண்ணாக நடித்த அதே நாட்களில், உண்மையிலேயே பிறர் வீட்டிற் பணிப்பெண்ணாகவும் அவர் வேலை செய்தார். அவர் பிற்காலத்திற் கூறிய விடைகளை விளங்கிக்கொள்ள இச்செய்தி இன்றியமையாதது.

1932ஆம் ஆண்டில் அவர் பேசும்படங்களில் தோன்றலானார். தொடக்கத்திற் கூட்டத்தில் ஒருவராக, கதவைத் திறப்பவராக, தட்டை ஏந்தி வருபவராக வந்தார். பல படங்களில் அவர் பெயர்கூடக் குறிக்கப்படவில்லை. 1934ஆம் ஆண்டில் ஜான் ஃபோர்டு இயக்கிய ‘ஜட்ஜ் பிரீஸ்ட்’ என்னும் படத்தில், அக்காலத்துப் புகழ்மிக்க நகைச்சுவை நடிகராகிய வில் ராஜர்சுடன் சேர்ந்து பாடி நடித்தார். அப்போதுதான் படமுதலாளிகள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவருடைய நடிப்பின் தன்மையை உணர 1935ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஆலிஸ் ஆடம்ஸ்’ என்னும் படத்தைக் காண வேண்டும். நடுத்தரக் குடும்பம் ஒன்று, மகள் விரும்பும் செல்வர்வீட்டு இளைஞனை விருந்துக்கு அழைக்கிறது. தங்களைச் செல்வர்களாகக் காட்டிக்கொள்ள, அன்று ஒரு நாளைக்கு மட்டும் ஒரு பணிப்பெண்ணைக் கூலிக்கு அமர்த்துகிறார்கள். அப்பெண்ணாக வருபவர் ஹாட்டி. புழுக்கம் மிகுந்த இரவு. தலையில் வைத்த தொப்பி சரிகிறது. வாய் எதையோ மென்றுகொண்டிருக்கிறது. உணவுத் தட்டை அவர் நீட்டும் விதத்திலே அக்குடும்பத்தின் போலிப் பெருமை முழுவதும் உடைந்து நொறுங்குகிறது. அவர் பேசும் சொற்கள் மிகச் சில. அவையடக்கமாய் நிற்பது போன்ற தோற்றத்திலேயே, ‘உங்கள் நாடகத்தை நான் நம்பவில்லை’ என்று கண்கள் சொல்லிவிடுகின்றன. பணிப்பெண் வேடத்தில், எசமானரைக் காட்டிலும் அதிகம் அறிந்த ஒரு மனிதப் பிறவியை அவர் நுழைத்துவிட்டார். 1936ஆம் ஆண்டில் ‘ஷோ போட்’ என்னும் இசைப்படத்தில் மாபெரும் பாடகராகிய பால் ராப்சனுக்கு மனைவியாக நடித்தபோதும் இந்தத் திறன் வெளிப்பட்டது.

இனி, அவர் புகழின் உச்சியைக் காண்போம். மார்கரெட் மிட்செல் எழுதி 1936ஆம் ஆண்டில் வெளியான ‘கான் வித் த விண்டு’ என்னும் புதினத்தைப் படமாக்க டேவிட் செல்ஸ்னிக் என்னும் படமுதலாளி முற்பட்டார். அதில் கதைத்தலைவி ஸ்கார்லட்டை வளர்த்த மாமியாக நடிக்க ஹாட்டி தேர்ந்தெடுக்கப்பட்டார். படம் எடுக்கப்படும் செய்தி பரவியதுமே கறுப்பின மக்களின் இதழ்களும் சங்கங்களும் கண்டனக் கடிதங்கள் எழுதின. அப்புதினம் அடிமைமுறையை ஓர் இனிய பழங்காலமாகக் காட்டுகிறது என்பதே அவர்கள் குறை. அக்குறையில் உண்மை உண்டு. கண்டனத்தின் பயனாகக் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசைச்சொல் வசனத்தினின்று நீக்கப்பட்டது. வெள்ளையர் வன்முறைக் கூட்டமாகிய கூ கிளக்ஸ் கிளானின் பெயரும் விடப்பட்டது. ஆயினும் கதையின் போக்கு மாறவில்லை.

அப்படத்தில் ஹாட்டி என்ன செய்தார்? முன்னரே கூறியதுபோல, அப்பாத்திரத்துக்குப் பெயர்கூட இல்லை. ஆனால் திரையில் அவர் தோன்றும்போதெல்லாம் அந்த வீட்டின் ஒழுக்கத்தை அளக்கும் அளவுகோலாக நிற்கிறார். ஸ்கார்லட்டின் கள்ளத்தைக் கண்டறிபவர் அவர் ஒருவரே. கதைத்தலைவனாகிய ரெட் பட்லர், தான் மதிப்புப் பெற விரும்பும் வெகுசிலருள் மாமியும் ஒருத்தி என்கிறான். படத்தின் பிற்பகுதியில் ஒரு காட்சி வருகிறது. ரெட்டின் சிறு மகள் குதிரையிலிருந்து விழுந்து இறந்துவிடுகிறாள். அவன் பித்துப் பிடித்தவன்போல், உடலை அடக்கம் செய்ய விடாமல் அறைக்குள் அடைந்து கிடக்கிறான். ஆறுதல் கூற வந்த மெலனியுடன் மாமி படியேறுகிறார். ஏறிக்கொண்டே, அழுதுகொண்டே, அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் சொல்கிறார். நிகழ்ச்சியை நமக்குக் காட்டவில்லை. அவர் குரலே காட்டுகிறது. மேடையிலும் வானொலியிலும் பழகிய குரலின் பயிற்சி அந்தப் படிக்கட்டிலே பலன் கண்டது.

படம் 1939ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத் தலைநகராகிய அட்லாண்டாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. நகரமே விழாக்கோலம் பூண்டது. நடிகர்கள் ஊர்வலமாக வந்தார்கள். ஹாட்டி வரவில்லை, வர இயலாது. அம்மாநிலத்து இனப்பிரிவினைச் சட்டம், அவர் மற்ற நடிகர்களோடு ஒரே அரங்கில் அமர்வதைத் தடுத்தது. அவ்விழாவையொட்டி முந்திய நாள் இரவு ஒரு நடன விருந்து நடந்தது. அதிற் பாடுவதற்குக் கறுப்பினத் தேவாலயப் பாடகர் குழு ஒன்று அழைக்கப்பட்டிருந்தது. அவர்கள் அடிமைகள்போல் உடையணிந்து வெள்ளையர் முன்னே பாடினர். அக்குழுவிற் பத்து வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். அவனே பின்னாளில் இனப்பிரிவினையை எதிர்த்து அறப்போர் நடத்திய மார்ட்டின் லூதர் கிங்.

1940ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் இரவு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அம்பாசடர் ஓட்டலில் ஆஸ்கார் விருது விழா நடைபெற்றது. சிறந்த துணைநடிகைக்கான விருதுக்குரியோர் பட்டியலில் ஹாட்டியின் பெயர் இருந்தது. அதே படத்தில் மெலனியாக நடித்த ஒலிவியா டி ஹாவிலண்டின் பெயரும் இருந்தது. விருது ஹாட்டிக்கே கிடைத்தது. ஆனால் அந்த ஓட்டல் கறுப்பின மக்களை உள்ளே விடுவதில்லை. செல்ஸ்னிக் தனியே வேண்டிக்கொண்டமையால்தான் அன்று அவருக்குக் கதவு திறந்தது. மற்ற நடிகர்கள் நடுவிலிருந்த மேசையில் ஒன்றாய் அமர்ந்திருந்தார்கள். ஹாட்டியின் இடம் சுவரோரத்தில் ஒரு சிறு மேசை. அங்கிருந்து எழுந்து, கூட்டத்தைக் கடந்து, மேடைக்குச் சென்றார். தம் இனத்துக்கும் தம் தொழிலுக்கும் என்றும் பெருமை சேர்ப்பவராய் இருக்க விழைவதாகக் கூறினார். பேசி முடிக்கும்போது கண்ணீர் மல்கியது. துணைநடிகர்களுக்கு அக்காலத்திற் பொற்சிலை தரும் வழக்கம் இல்லை. சிறு பட்டயமே தரப்பட்டது. அப்பட்டயத்தைப் பெற்றுக்கொண்டு, மீண்டும் அந்தச் சுவரோர மேசைக்கே அவர் திரும்பினார்.

இத்துணைப் பெரிய விருதுக்குப் பின் அவருக்குக் கிடைத்த வேடங்கள் யாவை? மறுபடியும் பணிப்பெண் வேடங்களே. 1942ஆம் ஆண்டின் ‘இன் திஸ் அவர் லைஃப்’ என்னும் படத்தில், வழக்கறிஞராக விரும்பும் கறுப்பின இளைஞன் ஒருவனின் தாயாக அவர் வருகிறார். பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட மகனுக்காகப் பேசும் அந்தச் சில நிமிடங்களில், அவருக்கு எத்தகைய வேடங்கள் மறுக்கப்பட்டன என்பது விளங்கிவிடும். ஆனால் அத்தகைய வாய்ப்புகள் அரியவை.

இக்காலத்திலேதான் பழிச்சொல்லும் வலுத்தது. கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்காக உழைத்த தேசியச் சங்கத்தின் செயலாளர் வால்டர் ஒயிட் 1942ஆம் ஆண்டில் ஹாலிவுட்டுக்கு வந்து படமுதலாளிகளைச் சந்தித்தார். கறுப்பின மக்களை ஏவலாட்களாகவும் கோமாளிகளாகவும் மட்டுமே காட்டும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று வற்புறுத்தினார். அவர் கூறியதில் ஆழ்ந்த நியாயம் இருந்தது. கறுப்பின மனிதர் ஒருவரோடும் பேசியறியாத கோடிக்கணக்கான மக்கள், திரையைக் கண்டே அவர்களைப் பற்றி எண்ணம் கொண்டார்கள். திரையில் எப்போதும் கைகட்டி நிற்பவரை வாழ்க்கையில் நிமிர்ந்து நிற்க யார் ஒப்புவர்?

ஹாட்டி போன்ற கலைஞர்கள் இதனை வேறுவகையாகக் கண்டார்கள். இருக்கும் வேடங்களும் போய்விட்டால், புதிய வேடங்கள் வரும் வரையில் தங்கள் பிழைப்பு என்னவாகும் என்று அஞ்சினார்கள். பணிப்பெண்ணாக நடித்து வாரத்துக்கு 700 டாலர் பெறுவதைப் பற்றி நான் ஏன் குறைகூற வேண்டும், நடிக்காவிட்டால் 7 டாலருக்கு உண்மையிலேயே பணிப்பெண்ணாக இருக்க நேருமே என்ற கருத்துப்பட அம்மையார் விடையளித்ததாகக் கூறுவர். பிறர் வீட்டிற் சலவைத் தொட்டியின் முன் நின்றவர்க்கு, இவ்விடை வெறும் சொல்லலங்காரம் அன்று.

இவ்விரு தரப்பில் யார் பக்கம் நியாயம்? எளிதிற் கூற முடியாத வினா இது. ஹாட்டியின் நடிப்பு எவ்வளவுக்குச் சிறந்திருந்ததோ, அவ்வளவுக்கு அந்தக் கதையின் பொய்யும் மெய்போல் தோன்றியது. அன்பும் அறிவும் மிக்க ஒரு மாமியைக் கண்டவர்கள், அடிமைமுறையும் அப்படித்தான் அன்பு நிறைந்திருந்தது என்று நம்பினார்கள். கலையின் உண்மை ஒரு பொய்க்குத் துணையாக நின்றது. இதனை மறைப்பது வரலாறு ஆகாது. அதே நேரத்தில், வேடங்களின் பட்டியலை எழுதியவர் ஹாட்டி அல்லர் என்பதையும் மறத்தலாகாது. மருத்துவராகவோ ஆசிரியராகவோ அரசியாகவோ நடிக்குமாறு எவரும் அவரை அழைக்கவில்லை; அவர் மறுக்கவும் இல்லை. தவறு, வாயிலில் நுழைந்தவரிடம் இல்லை. ஒரே ஒரு வாயிலை மட்டும் திறந்து வைத்தவர்களிடமே இருந்தது.

அவர் பணிவையே வாழ்வாகக் கொண்டவர் அல்லர் என்பதற்குச் சான்று, திரைக்கு வெளியே நடந்த ஒரு வழக்கு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மேற்கு ஆடம்ஸ் பகுதியில் அவர் ஒரு பெரிய வீட்டை வாங்கினார். அப்பகுதியைக் கறுப்பின மக்கள் ‘சுகர் ஹில்’ என்று அழைத்தனர். நடிகையர் லூயிஸ் பீவர்சு, எதெல் வாட்டர்சு போன்றோரும் அங்கே குடியேறியிருந்தனர். ஆனால் அவ்வீடுகளின் பத்திரங்களில், அவற்றை வெள்ளையர் அல்லாதார்க்கு விற்கலாகாது என்ற கட்டுப்பாடு எழுதப்பட்டிருந்தது. அண்டையிலிருந்த வெள்ளையர் சிலர் அதனைக் காட்டி, கறுப்பினத்தவரை வெளியேற்ற வேண்டுமென்று வழக்குத் தொடுத்தனர். ஹாட்டி பின்வாங்கவில்லை. அண்டை வீட்டாரைத் தம் இல்லத்தில் ஒன்றுகூட்டினார். லோரன் மில்லர் என்னும் கறுப்பின வழக்கறிஞர் அவர்களுக்காக வாதிட்டார். 1945ஆம் ஆண்டில் நீதிபதி தர்மண்டு கிளார்க், அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் வழங்கும் உரிமைகள் கறுப்பின மக்களுக்கும் முழுமையாக உரியவை என்று கூறி வழக்கைத் தள்ளினார். மூன்று ஆண்டுகள் கழிந்து, 1948ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய கட்டுப்பாடுகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தருதல் ஆகாது என்று தீர்ப்பளித்தது. அவ்வழக்குகளில் வாதிட்டவர்களுள் லோரன் மில்லரும் ஒருவர். திரையில் பிறர் வீட்டைக் காத்த பணிப்பெண், வாழ்க்கையில் தம் வீட்டுக்காகவும் தம் இனத்தாரின் வீடுகளுக்காகவும் நின்று வென்றார்.

வானொலியோடு தொடர்புடைய செய்தி ஒன்றையும் இங்கே கூறுதல் பொருந்தும். ‘பியூலா’ என்பது அமெரிக்க வானொலி நேயர்கள் மிகவும் விரும்பிய ஒரு பாத்திரம். அவள் ஒரு கறுப்பினப் பணிப்பெண். ஆனால் 1940களின் இடைக்காலத்தில் அப்பெண்ணுக்குக் குரல் கொடுத்தவர் மார்லின் ஹர்ட் என்னும் ஒரு வெள்ளையர். அதுவும் ஓர் ஆண்மகன்! வேடத்தையும் அவர்களே எழுதினார்கள். குரலையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். முகத்திற் பூசிய கரி, வானொலியிற் குரலின்மீது பூசப்பட்டது. ஹர்ட்டுக்குப் பின்னரும் மற்றொரு வெள்ளையரே அக்குரலைக் கொடுத்தார். 1947ஆம் ஆண்டு நவம்பரில் அந்நிகழ்ச்சி ஹாட்டியிடம் வந்தது. நாடு முழுதும் ஒலிபரப்பாகும் நிகழ்ச்சி ஒன்றில் தலைமை ஏற்ற முதற் கறுப்பினப் பெண்மணி அவரே ஆனார். கொச்சைத் திரிபுமொழி பேச மாட்டேன் என்றும், பொருந்தாத வசனங்களை மாற்றும் உரிமை தமக்கு வேண்டும் என்றும் ஒப்பந்தத்திலேயே அவர் கேட்டுப் பெற்றார். பாத்திரம் அதே பணிப்பெண்தான். ஆயினும் அவள் எப்படிப் பேச வேண்டும் என்பதை இப்போது முடிவு செய்தவர் அவளாக நடித்தவரே. ‘ஆலிஸ் ஆடம்ஸ்’ படத்திற் கண்ணாற் சொன்னதை, பியூலாவில் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட்டார் எனலாம்.

பியூலா தொலைக்காட்சிக்கும் சென்றது. அதிலும் நடிக்கத் தொடங்கிய ஹாட்டி, சில பகுதிகளை முடித்த அளவில் நோயுற்றார். மார்பகப் புற்றுநோய் அவரை வருத்தியது. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள், திரைப்படக் கலைஞர்களுக்கெனக் கலிபோர்னியாவில் அமைந்த இல்லத்தின் மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 59.

ஹாலிவுட் இடுகாட்டில், தம்மோடு தொழில் புரிந்த கலைஞர்களுக்கு அருகில் துயில வேண்டும் என்பது அவரது இறுதி விருப்பம். அவ்விடுகாடு வெள்ளையர்க்கு மட்டுமே உரியது என்று மறுத்துவிட்டார்கள். எல்லா இனத்தவரையும் ஏற்றுக்கொண்ட ரோஸ்டேல் இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். 1999ஆம் ஆண்டிலேதான் ஹாலிவுட் இடுகாட்டின் புதிய உரிமையாளர், அவர் நினைவாக அங்கே ஒரு கல்லை நாட்டச் செய்தார்.

ஆஸ்கார் பட்டயத்தைத் தம் இனத்து மாணவர்கள் பயிலும் வாஷிங்டன் நகரத்து ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிவைத்திருந்தார். அப்பட்டயம் நாடகத்துறையிற் சில காலம் இருந்து, பின்னர்க் காணாமற் போயிற்று. 2023ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், விருதை வழங்கும் திரைப்படக் கழகம் அதற்கு ஈடாகப் புதிய பட்டயம் ஒன்றைச் செய்து அப்பல்கலைக்கழகத்துக்கு அளித்தது. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. நடிப்புக்காக ஆஸ்கார் பெற்ற அடுத்த கறுப்பினப் பெண்மணி வூப்பி கோல்டுபர்க். அவர் அதனைப் பெற்றது 1991ஆம் ஆண்டில். ஒரு வாயில் திறந்து, மறுமுறை திறக்க ஐம்பத்தொரு ஆண்டுகள் ஆயின.

கடந்தகாலத்து மனிதர்களைப் பற்றித் தீர்ப்பு வழங்குவது இளமையில் எளிதாகத் தோன்றும். அவர் ஏன் மறுத்துவிடவில்லை என்று நாம் கேட்கலாம். கேட்பது நன்றே. ஆனால் அதற்கு முன் வேறொரு வினாவையும் கேட்டல் வேண்டும்: அவர் முன்னே எத்தனை வழிகள் திறந்திருந்தன? ஏற்ற வேடம் ஒன்று. அதில் அவர் புகுத்திய கலை மற்றொன்று. அவரைச் சூழ நின்ற சுவர் வேறொன்று. இம்மூன்றையும் பிரித்து எண்ணுவோர்க்கே இந்த அம்மையாரின் வாழ்வு விளங்கும். வால்டர் ஒயிட் அச்சுவரை வெளியிலிருந்து இடித்தார். ஹாட்டி அதன் உட்புறத்தில் நின்று, தமக்கு அளிக்கப்பட்ட சிறு இடத்தில் ஒரு முழு மனிதப் பிறவியைக் காட்டினார். சுவர் விழுவதற்கு இரண்டும் வேண்டியிருந்தன.

நம் செவிலிக்குப் புலவர்கள் ஒரு கூற்றைத் தந்தார்கள். அந்த மாமிக்கு எவரும் தரவில்லை. வசனம் பிறருடையது, கதை பிறருடையது. ஆயினும் அந்தப் படிக்கட்டில் ஏறும்போது கேட்கும் குரல் ஹாட்டி மெக்டானியலுக்கே உரியது. அப்படத்தைக் காண நேரும் மாணவர்கள், கதையை ஐயத்தோடு கேட்கட்டும். அந்தக் குரலை மதிப்போடு கேட்கட்டும்.